அடிலெய்டிலிருந்து கிம்பர்லி வரை கேரவன் பயணம்: எந்த மடுவில் இறங்கலாம்? கேரவனை எங்கே விட்டுவிட்டுப் போகலாம்?

அம்பை_பையன் (அடிலெய்டு)
ஏப்ரல் 7, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். பல வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்ததற்குப் பலனாக எட்டு வார நீண்டகாலப் பணி விடுப்பு கிடைத்திருக்கிறது. ஜூன் முதல் வாரம் கிளம்புகிறோம். நான், மனைவி, பன்னிரண்டும் எட்டுமாக இரண்டு பிள்ளைகள், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கும் அம்மா; அவளுக்கு வயது 66. காரின் பின்னால் பூட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். 19 அடி நீளம், சாமான்களோடு சேர்த்து 2.3 டன். தார்ச்சாலைக்கென்று செய்த வண்டி. இழுக்க டீசல் பிராடோ கார் இருக்கிறது.

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் நேரே வடக்கே டார்வின், சுமார் 3,000 கிலோமீட்டர். வழியில் மாட்டரங்கா, கேத்ரின், லிச்ஃபீல்டு தேசியப் பூங்கா. பிறகு மேற்கே திரும்பி, மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் குனுனூரா, அங்கிருந்து கிப் ரிவர் சாலை வழியாக டெர்பி, புரூம். அருவிகளும் மடுக்களும்தான் நோக்கம், ஊர் சுற்றுவதல்ல.

கேள்வி இரண்டு. கிப் ரிவர் சாலையை இந்தக் கேரவன் தாங்குமா? எந்தத் தண்ணீரில் தைரியமாக இறங்கலாம்? இரண்டாவதைக் கேட்கச் சொன்னது அம்மா. "முதலை இருக்கிற ஊருக்குக் குளிக்கவா போகிறீர்கள்?" என்கிறாள்.

டீசல்_மாமா (ஓய்வுபெற்றவர், நாட்டை இரண்டு முறை சுற்றியவர்)
ஏப்ரல் 8, காலை 6:40

தம்பி, தாங்காது. முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். ஆனாலும் காரணம் சொல்கிறேன்.

கிப் ரிவர் சாலை 660 கிலோமீட்டர். 1960களில் கிம்பர்லி பண்ணைகளிலிருந்து மாடுகளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. இரு முனைகளிலும் கொஞ்சம் தார் இருக்கிறது. நடுவே பெரும்பாலும் சரளை. அந்தச் சரளை தகரக் கூரைபோல வரிவரியாக நிற்கும். அதன்மேல் மணிக்கணக்கில் ஓடும்போது முதலில் திருகாணிகள் கழலும், பிறகு அலமாரிக் கதவுகள், கடைசியில் அச்சு. உன் காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்து, தார் போடாத சாலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படி. படித்தபின் நீயே முடிவு செய்துவிடுவாய்.

பொதுவாக எல்லோரும் செய்யும் தவறு என்னவென்றால், கேரவனைக் குனுனூராவில் நிறுத்திவிட்டுக் காரில் குறுக்கே போக நினைப்பார்கள். டெர்பி வரை போய்விட்டால் கேரவனை எடுக்கத் திரும்ப வரவேண்டும், அது ஒரு 900 கிலோமீட்டர். அதைவிட இப்படிச் செய். குனுனூராவில் நாலு நாள் தங்கு. கிழக்கு முனையில் எல் குவெஸ்ட்ரோ திருப்பம் வரை தார் இருக்கிறது. எம்மா பள்ளத்தாக்கும் செபெடீ ஊற்றும் அந்தப் பக்கம்தான், காரிலேயே போய்வரலாம். பிறகு கேரவனைப் பூட்டிக்கொண்டு கிரேட் நார்தர்ன் நெடுஞ்சாலையில் ஹால்ஸ் கிரீக், ஃபிட்ஸ்ராய் கிராசிங் வழியாக டெர்பிக்குப் போ. முழுக்கத் தார். டெர்பியில் கேரவனை நிறுத்திவிட்டு, கூடாரத்தோடு மேற்கிலிருந்து கிப்புக்குள் நுழை. வின்ஜானா, பெல், கால்வன்ஸ், மேனிங் பள்ளத்தாக்குகள். மேனிங் டெர்பியிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நாலைந்து நாளில் திரும்பிவிடலாம். நடுவில் பென்டகோஸ்ட் ஆற்றைக் கடக்கும் புகைப்படம் மட்டும் உனக்குக் கிடைக்காது. அது இல்லாமலும் வாழலாம்.

பனங்கொட்டை (பெர்த்)
ஏப்ரல் 8, மதியம் 1:05

டீசல் அண்ணை எல்லோரையும் பயப்படுத்துகிறார். நாங்கள் கேரவனோடுதான் கிப்பை முழுதாகக் கடந்தோம். ஒன்றும் ஆகவில்லை. டயர் காற்றை 28 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, வேகத்தை மணிக்கு அறுபது கிலோமீட்டருக்குள் வைத்தால் பாதை பாதி மெத்தையாகிவிடும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு எண்பதில் பறக்கிறவர்களின் அச்சுதான் முறிகிறது.

டீசல்_மாமா
ஏப்ரல் 8, மதியம் 1:20

உங்கள் கேரவன் எந்த வகை என்று சொல்லவில்லையே?

பனங்கொட்டை
ஏப்ரல் 8, மதியம் 1:31

கரடுமுரடான பாதைக்கென்று செய்தது. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி சஸ்பென்ஷன்.

டீசல்_மாமா
ஏப்ரல் 8, மதியம் 1:33

ஆக, வேறு வண்டி.

சிவப்பு_மண் (பிரிஸ்பேன்)
ஏப்ரல் 8, இரவு 9:47

நான் சாதாரணக் கேரவனை அந்தப் பாதையில் எண்பது கிலோமீட்டர் மட்டும் இழுத்தவள். அம்பை_பையன், அந்த எண்பது கிலோமீட்டரைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நிறுத்திக் கதவைத் திறந்தோம். தரையில் அரை அங்குலத்துக்குச் செம்மண் மாவு. சமையல் அலமாரியின் கொக்கி கழன்று, துவரம் பருப்பு டப்பாவும் மிளகாய்த்தூள் டப்பாவும் கீழே விழுந்து, மூடி திறந்து, மண்ணோடு கலந்து கிடந்தன. மிளகாய்த்தூளையும் கிம்பர்லி மண்ணையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. என் கணவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. புழுதி எங்கிருந்து வந்தது என்று தேடினால், கூரைக் காற்றுத் துளையை நாங்கள் மூடவே இல்லை. கேரவனின் முன்கண்ணாடியும் போயிற்று. எங்கள் காரின் பின்சக்கரம் எறிந்த கல்தான். அந்தத் துளையையும் கண்ணாடியையும் தார்ச்சாலையில் யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

மேனிங் மடுவில் மறுநாள் குளித்தபோது எல்லாம் மறந்துவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மடுவுக்குக் கேரவனா நடந்து வந்தது? நாங்கள்தான் நடந்தோம்.

அம்பை_பையன்
ஏப்ரல் 9, இரவு 8:15

டெர்பி யோசனை மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. காப்பீட்டைப் பார்த்தேன். மாமா சொன்னதேதான், தார் இல்லாத சாலையில் சேதமானால் ஒரு காசு கிடையாது. இனி முதலை.

மாந்தோப்பு (டார்வின்)
ஏப்ரல் 9, இரவு 11:58

பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன். இரவுப் பணி, ஆகவே நீளமாக எழுதப்போகிறேன்.

இங்கே முதலை இரண்டு வகை. நன்னீர் முதலைக்கு மூக்கு ஒடுங்கலாக இருக்கும், மீன் தின்னும், நாம் சீண்டாமல் இருந்தால் அதுவும் பெரும்பாலும் சும்மா இருக்கும். வின்ஜானாவில் மணல்திட்டில் வரிசையாக வெயில் காய்வது இந்த வகைதான். மற்றது உப்புநீர் முதலை. பெயரைப் பார்த்துக் கடலில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆற்றிலும் குட்டையிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே வரும். 1971 வரை இங்கே தோலுக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். அந்த ஆண்டு பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வட பிரதேசத்தில் மூவாயிரம் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தன. இப்போது ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கிறது.

மழைக்காலத்தில், அதாவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, எல்லாத் தண்ணீரும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். முதலை எந்த மடுவுக்கும் வரலாம். மே மாதம் வெள்ளம் வடிந்ததும் ரேஞ்சர்கள் ஒவ்வொரு மடுவாக இரவில் விளக்கடித்துத் தேடுவார்கள். வெளிச்சம் பட்டால் முதலையின் கண் சிவப்பாக மின்னும். பொறிக்கூண்டு வைப்பார்கள், நுரைமிதவை கட்டி விடுவார்கள். முதலைக்கு அந்த மிதவையைக் கடிக்காமல் இருக்க முடியாது. பல் தடம் பதிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். எல்லாம் சரியென்றால்தான் "நீந்தலாம்" பலகை. அதனால்தான் ஒரே அருவி ஒரு வருடம் மே நடுவில் திறக்கும், இன்னொரு வருடம் ஜூன் வரை மூடியே கிடக்கும். கிளம்பும் அன்று காலை பூங்கா வலைத்தளத்தைப் பாருங்கள். போன வருடம் போனவர் சொன்னதை நம்பாதீர்கள், நான் சொன்னதையும் சேர்த்து.

லிச்ஃபீல்டில் பிள்ளைகளுக்கு ப்யூலி: பாறைத் தொட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து போகும், பல இடங்களில் அடி தெரியும். வாங்கி அருவி பெரிய குளம், இறங்கப் படி இருக்கிறது. ஃபுளோரன்ஸுக்கு நிறையப் படி இறங்கி ஏறவேண்டும். அம்மாவின் முழங்கால் எப்படி? டோல்மரில் மேலே மேடையில் நின்று பார்ப்பதோடு சரி. அந்தக் குகைகளில் அரிய வௌவால்கள் இருப்பதால் கீழே யாரையும் விடுவதில்லை.

கல்லுளிமங்கன்
ஏப்ரல் 10, காலை 7:02

இவ்வளவு பயந்தால் குற்றாலத்துக்கே போகலாமே. திறந்திருக்கிறது என்று அரசாங்கம் பலகை வைத்தபிறகு எதற்கு ஆராய்ச்சி?

மாந்தோப்பு
ஏப்ரல் 10, காலை 7:40

2023 ஜூலையில் வாங்கி அருவி திறந்துதான் இருந்தது. நல்ல வெயில் காலம், நிறையக் கூட்டம். 67 வயதுக்காரர் ஒருவரை உப்புநீர் முதலை கடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். பிடித்து அளந்தால் 2.4 மீட்டர். பலகை என்பது "தேடினோம், கிடைக்கவில்லை" என்கிறது. "இல்லை" என்று சொல்லவில்லை. நான் அதே குளத்தில் அதற்குப் பிறகும் குளித்திருக்கிறேன். ஆனால் அந்தி சாய்ந்தபின் இறங்கியதில்லை, ஆள் இல்லாத இடத்தில் இறங்கியதில்லை.

கல்லுளிமங்கன்
ஏப்ரல் 10, காலை 7:55

சரி, அக்கா. வாயை மூடிக்கொண்டேன்.

மணல்வீடு (சிட்னி)
ஏப்ரல் 10, மாலை 5:30

காக்கடு தேசியப் பூங்காவை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஜிம் ஜிம் அருவியைப் பார்க்காமல் வருவதா?

டீசல்_மாமா
ஏப்ரல் 10, மாலை 6:11

விடவேண்டாம், ஆனால் குளிப்பதற்கென்று போகிறவர்கள் யோசிக்கவேண்டும். ஜிம் ஜிம்முக்குக் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் நான்குசக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மட்டும். பிறகு கார் அளவுப் பாறைகள்மேல் ஒரு கிலோமீட்டர் தாவல். பாதை திறப்பதற்குள் அருவி மெலிந்துவிடும், செப்டம்பரில் வெறும் ஈரக்கோடு. சுற்றியுள்ள செங்குத்துச் சுவர்தான் காட்சி. பக்கத்திலிருக்கும் ட்வின் அருவியில் நீந்த அனுமதி இல்லை. எல்லோரும் படம் போடும் கன்லம் அருவி 2019இல் மூடப்பட்டது. மேலே ஏறும் நடைபாதையை ஜாவோயின் என்னும் பூர்வகுடி மக்களின் புனித இடத்துக்கு மிக அருகே போட்டுவிட்டார்கள். தவறு பூங்கா நிர்வாகத்தினுடையது. மூடச் சொன்னது நியாயம்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலத்தவர் வட பிரதேசப் பூங்காக்களுக்கு அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும், 2023இலிருந்து. காக்கடு நடுவண் அரசின் கையில் இருப்பதால் அதற்குத் தனிச்சீட்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் மறுபடியும் தனி.

தாமிரபரணி (மெல்பர்ன்)
ஏப்ரல் 10, இரவு 10:26

கொஞ்சம் இழையை விட்டு விலகுகிறேன். அம்பை_பையன் "மடு" என்று எழுதியது நன்றாக இருந்தது. எங்கள் பக்கம் ஆற்றில் திடீரென்று ஆழம் விழுந்து தண்ணீர் கறுத்து நிற்கும் இடத்தைக் "கசம்" என்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். "கசத்தில் இறங்காதே" என்று திட்டு வாங்காத பிள்ளை அம்பையில் கிடையாது. கேத்ரின் பக்கம் நிட்மிலுக் பள்ளத்தாக்கில் படகோட்டி ஒன்று சொன்னார்: இரண்டாம் பள்ளத்தாக்கின் ஆழத்தில் போலுங் என்னும் வானவில் பாம்பு இருக்கிறது, ஜாவோயின் மக்கள் அங்கே மீன் பிடிப்பதில்லை. எனக்கு ஒரு நொடி கல்லிடைக்குறிச்சி படித்துறை ஞாபகம் வந்தது.

பனங்கொட்டை
ஏப்ரல் 11, காலை 8:18

எல்லைச் சோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வட பிரதேசத்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் இடத்தில் பயிர்ப் பாதுகாப்புச் சாவடி இருக்கிறது. பழம், காய்கறி, தேன் எதுவும் உள்ளே போகாது. கறிவேப்பிலைக் கொத்தையும் தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டார்கள், வீட்டுச் செடியில் பறித்தது. வெங்காயம், தக்காளியை முந்தின இரவே தொக்காக வதக்கிவிடுங்கள். கடிகாரமும் அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னுக்குப் போகும்.

அம்பை_பையன்
மே 30, இரவு 9:00

கிளம்புகிறோம். கைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் இடங்களில் எழுதுகிறேன். வண்டி வானொலியை 40ஆம் அலைவரிசையில் வைத்திருக்கிறேன், பல பெட்டிகளை இழுத்துப் போகும் ரோடு டிரெயின் லாரிகளின் ஓட்டுநர்களிடம் பேச. 53 மீட்டர் நீள லாரியை முந்துவது எனக்கு முதல் அனுபவம்.

அம்பை_பையன்
ஜூன் 19, இரவு 8:44

கேத்ரினிலிருந்து. மூன்று வாரக் கணக்கு.

மாட்டரங்காவில் அம்மா மூன்று நாள் நகர மறுத்தாள். ஊற்றில் தண்ணீர் எப்போதும் 34 டிகிரி. நாங்கள் பிட்டர் ஸ்பிரிங்ஸ் பக்கம்தான் அதிகம் போனோம். பனைபோன்ற மரங்களுக்கு நடுவே கண்ணாடிபோல ஒரு நீரோடை; நீந்தவே வேண்டாம், ஓட்டமே கொண்டுபோய்விடும். கக்கத்தில் ஆளுக்கொரு நுரைக்குழலைச் செருகிக்கொண்டு மிதப்பார்கள். இங்கே அதற்கு நூடுல் என்று பெயர். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழல்மேல் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள்போல மிதந்து போனாள். கடைசியில் ஏணி வரும், ஏறி, நடந்து திரும்பவேண்டும். ஒரே காலையில் ஏழு முறை. அவளோடு கூடவே மிதந்த தலை நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தம் மருமகளைப் பற்றி என்னவோ குறை சொன்னாராம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எப்படிப் புரிந்தது என்று கேட்டதற்கு, "முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?" என்றாள்.

லிச்ஃபீல்டில் வாங்கி திறந்திருந்தது. அம்மா கரையில் நின்று வெகுநேரம் பார்த்தாள். "கறுப்பாக இருக்கிறது, கசம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை மடித்து வைத்துவிட்டாள். நாங்கள் இறங்கினோம். உண்மையைச் சொன்னால், குளத்தின் நடுவே போனதும் மாந்தோப்பு அக்காவின் 2.4 மீட்டர் நினைவுக்கு வந்து, போன வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகம். ப்யூலியில் எல்லோரும் விழுந்து கிடந்தோம். காலை எட்டரைக்கே போனதால் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. பத்தரைக்கு வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் போனார்கள். கேரவனோடு அந்தப் பக்கம் யாரும் போகாதீர்கள். நாங்கள் பக்கத்து ஊரான பேட்செலரில் நிறுத்திவிட்டுப் போனோம்.

லெலின் என்கிற எடித் அருவியில் மேல் மடுதான் சிறந்தது. 2.6 கிலோமீட்டர் சுற்றுப்பாதை, வெயிலில் ஏற்றம். மகள் பாறையில் மோதி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பாசி.

அம்பை_பையன்
ஜூலை 9, மாலை 4:20

டெர்பி. கிப்பிலிருந்து நேற்று திரும்பினோம், கேரவன் நிறுத்திய இடத்தில் சொகுசாக இருந்தது.

குனுனூரா பக்கம் எம்மா: ஒன்றரைக் கிலோமீட்டர் கல்லின்மேல் கல்லாகத் தாண்டிப் போனால், 65 மீட்டர் உயரத்திலிருந்து நூலாக விழும் தண்ணீர், சுவரெல்லாம் பெரணி. நிழலிலேயே கிடக்கும் தண்ணீர், எலும்பு வரை குளிர். பல் கிட்டிக்கொண்டு நின்ற மகனிடம் ஒருவர் வலதுபக்கச் சுவரைக் காட்டினார். அங்கே பாறை இடுக்கிலிருந்து வெந்நீர் கசிகிறது, இரண்டு கை அகலத்துக்கு. ஐந்தாறு பேர் அந்த இடுக்கில் ஒட்டிக்கொண்டு நின்றோம். செபெடீ நேர் எதிர்: பனங்காட்டுக்குள் வெதுவெதுப்பான சிறுசிறு தொட்டிகள். நண்பகலோடு மூடிவிடுவார்கள், ஆகவே விடியலில் போய்விடுங்கள்.

கிப்பில் பெல் பள்ளத்தாக்குத் திருப்பத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே. அந்த முப்பதில்தான் டயர் ஒன்று கிழிந்தது. சிவப்பு_மண் அக்கா, உங்கள் கதை கேட்டதால் மாற்று டயர் இரண்டு வைத்திருந்தேன். கால்வன்ஸ் சாலையோரத்திலேயே, ஒரு கிலோமீட்டர்கூட நடக்கவேண்டாம். அருவியின் உச்சியில் ஒரு போவாப் மரம் வயிறு பெருத்து நிற்கிறது. ஓரமாகப் பாறையில் பூர்வகுடிகளின் வாண்ட்ஜினா ஓவியம் இருக்கிறது, அவசரத்தில் தவறவிட்டுவிடாதீர்கள். மேனிங்கில் ஆற்றைக் கடந்துதான் நடை தொடங்கும். கயிறு பிடித்து இழுக்கும் படகில் அம்மாவையும் சாப்பாட்டுக் கூடையையும் ஏற்றினோம், மற்றவர்கள் நீந்தினோம். அக்கரையில் இறங்கியதும் அவள் முதலில் பார்த்தது புளிசாதம் நனைந்ததா என்று. மடு வரை இரண்டரைக் கிலோமீட்டர் அவளால் முடியாது என்று நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் அந்தக் கூடையில் ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெர்த் தம்பதியருக்குப் போய்விட்டது.

டீசல்_மாமா
ஜூலை 9, மாலை 5:02

அச்சு?

அம்பை_பையன்
ஜூலை 9, மாலை 5:06

கேரவனுடையது முழுதாக இருக்கிறது, மாமா. கார்க் கதவு ரப்பரில் மட்டும் புழுதி. எத்தனை முறை கழுவினாலும் வருகிறது.

மணல்வீடு
ஜூலை 9, இரவு 7:48

அந்த நுரைக்குழல் எங்கே வாங்கினீர்கள்? நாங்கள் ஆகஸ்டில் கிளம்புகிறோம். மாட்டரங்காவிலேயே கிடைக்குமா?

அம்பை_பையன்
ஜூலை 9, இரவு 8:10

நாங்கள் அடிலெய்டிலேயே வாங்கிக்கொண்டு போனோம், விலையும் குறைவு. ஆளுக்கு இரண்டாக வாங்குங்கள். எங்களுடையதில் ஒன்றை அம்மா ஊருக்கு எடுத்துப் போகிறேன் என்று பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நீளம் பிடிக்கவில்லையென்று பாதியாக வெட்டியாயிற்று.